உறை பிரியாத மாயாவிகள்

சிறுவர்களின் சில்லறைக் காசில் நடந்துவந்த சித்திரக்கதை வாசிப்பு, நடுத்தரக் குடும்பத்தின் மாதாந்திரக் கணக்கில் தனி வரியாக எழுதப்பட வேண்டிய செலவாகிவிட்ட இக்காலத்தில், அந்தச் செலவைக் குறைத்தாக வேண்டும் என்று சொல்பவரும், குறைத்தால் எஞ்சியிருக்கும் ஒரு சந்தோஷமும் போய்விடுமே என்று அஞ்சுபவரும் ஒரே வீட்டில், பல சமயம் ஒரே மனிதருக்குள்ளேயே, குடியிருக்கிறார்கள். செலவைப் பாதியாக்கிக்கொண்டும் ரசனையை முழுமையாக வைத்துக்கொள்ள முடியும் என்பது என் அபிப்பிராயம். இந்தப் பழக்கத்தில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற உரிமையில் அதை இங்கே விளக்க முற்படுகிறேன்.

பொங்கலை ஒட்டி நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சியில் காமிக்ஸ் அரங்கின் முன் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அங்கே சிறுவர்களுக்குச் சமமாக நரைத்த தலைகளும் நிற்கின்றன. வாசகர்கள் 'குண்டு புக்' என்று செல்லமாக அழைக்கும் கனத்த சிறப்பிதழ்களைக் கையில் எடுத்து, பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்த்து, வைத்துவிட்டு நான்கடி நடந்து, பிறகு திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போகிற மனிதர்களை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களில் ஒருவனாக நானும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன்.

விலை ஏறிய விதம்

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தபோது, அது பெட்டிக் கடைகளிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் கயிற்றில் தொங்கிய பண்டம். 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றிய பின்னரும் அந்த நிலை நெடுநாள் நீடித்தது. பழுப்புக் காகிதம், கறுப்பு மை, சட்டைப் பையில் மடித்து வைக்கக்கூடிய அளவு என்ற மூன்றுமே அன்றைய மலிவு விலைக்குக் காரணம். ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோயிற்று. சிவகாசியின் முத்து, லயன் இதழ்கள் 2012 முதல் வழவழப்பான காகிதத்தில், முழு வண்ணத்தில், நூறு ரூபாய் என்ற கணக்கில் வரத் தொடங்கின. அதன்பின் விலை அந்த இடத்திலும் நிற்கவில்லை.

இதற்காகப் பதிப்பாளரைக் குறை கூறுவது நியாயமாகாது. இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் உரிமைத்தொகை கொடுத்துக் கதைகளைத் தருவித்து, மொழிபெயர்த்து, முன்பு அச்சிட்டதில் ஒரு சிறு பங்கையே இன்று அச்சிடும் ஒருவருக்கு, ஒவ்வொரு பிரதியின் மேலும் விழும் அடக்கச் செலவு கூடித்தான் தீரும்.

வாசகர் அதிகம் அறியாத வேறு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது காகிதத்தின் மீதான வரி. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் 2025 செப்டம்பரில் வரி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, பள்ளிக் குறிப்பேடுகளுக்கான காகிதத்துக்கு விலக்களிக்கப்பட்டதே தவிர, புத்தகம் அச்சிடும் காகிதத்தின் மீதான வரி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. புத்தகத்துக்கு வரியில்லை என்பதாலேயே, காகிதத்துக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் திரும்பப் பெறவும் வழியில்லை. வரியற்றது என்று சொல்லப்படும் புத்தகத்தின் விலைக்குள் ஒரு வரி ஒளிந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது தபால். அரை நூற்றாண்டாக வாசகர்களுக்கு நன்கு அறிமுகமாயிருந்த பதிவுப் புத்தகத் தபால் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை வந்தது. 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி என்ற அதன் கட்டணம் அநியாயமன்று. ஆனால் குறிப்பிட்ட கால இடைவெளியில் வெளியாகும் இதழ்களுக்கு அச்சலுகை பொருந்தாது. மாதாமாதம் சந்தாவில் படக்கதை பெறும் கிராமத்து வாசகர் கூரியருக்கோ விரைவுத் தபாலுக்கோ கொடுக்கும் பணத்தை ஓர் ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால், அதில் இன்னும் சில புத்தகங்களே வாங்கியிருக்கலாம்.

வாசிப்பும் சேகரிப்பும்

மாதம் 800 ரூபாய் படக்கதைகளுக்குச் செலவிடும் ஒருவரை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு அது 9,600 ரூபாய். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இது அலட்சியம் செய்யத்தக்க தொகையன்று. ஆயினும் அந்தத் தொகை முழுவதும் வாசிப்புக்காகச் செலவாகிறதா என்பதை யாரும் நின்று யோசிப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக என் அலமாரியை ஒழித்தபோது, தரையில் அடுக்கப்பட்ட புத்தகங்களைப் பார்த்துவிட்டு என் மனைவி மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்: "இதில் எத்தனை படித்தீர்கள்?" அன்று மாலை உட்கார்ந்து எண்ணினேன். நானூற்றுச் சொச்சம் புத்தகங்களில் எழுபத்து மூன்று, கண்ணாடிக் காகித உறைகூடப் பிரியாமல் இருந்தன. முப்பதுக்கு மேற்பட்டவை, ஏற்கெனவே என்னிடம் கறுப்பு வெள்ளையில் இருந்த கதைகளின் வண்ண மறுபதிப்புகள். இன்னும் ஒரு சிறு கட்டு, விட்டுப்போன எண்களை நிரப்புவதற்காகப் பழைய பிரதி விற்பவர்களிடம் முகமதிப்பைப் போல நூறு மடங்கு கொடுத்து வாங்கியது. வாங்கிய அன்று அடைந்த பரவசம் உண்மைதான். ஆனால் அந்தப் பரவசம் கதையிலிருந்து வரவில்லை, எண் நிரம்பியதிலிருந்து வந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆகவே இந்தச் செலவில் மூன்று தனித்தனி ஓடைகள் கலந்திருக்கின்றன: படிப்பதற்காகக் கொடுக்கும் பணம், வரிசை அறுபடாமல் இருப்பதற்காகக் கொடுக்கும் பணம், பிறகு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்துக்குக் கொடுக்கும் பணம். முதல் ஓடையைத் தொடாமல் மற்ற இரண்டையும் அடைத்தாலே என் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது. சந்தோஷத்தில் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

அந்தப் பயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறைந்த பிரதிகளே அச்சாகும் தொழிலில், இன்று வாங்காவிட்டால் நாளை கிடைக்காது என்பது பொய்யன்று. ஆனால் கிடைக்காமல் போன எத்தனை கதைகளுக்காக நாம் உண்மையிலேயே வருந்துகிறோம்? பத்தாண்டுகளுக்கு முன் தவறவிட்ட ஒரு கதையை இன்று நினைவுகூர முயன்று பாருங்கள். நினைவுக்கு வருபவை ஒன்றிரண்டே இருக்கும். அந்த ஒன்றிரண்டும் பெரும்பாலும் மறுபதிப்பாக வந்திருக்கும், அல்லது வரவிருக்கும்.

முதலீடு என்னும் மயக்கம்

பழைய முத்து காமிக்ஸ் பிரதிகள் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுவதைக் கேள்விப்பட்டு, இன்று வாங்கி வைப்பது நாளைக்கு ஆஸ்தியாகும் என்று நம்பும் இளைஞர்கள் சிலரை அறிவேன். அவர்களுக்கு அமெரிக்காவின் அனுபவத்தை எடுத்துச் சொல்வது என் கடமை.

சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938-ஆம் ஆண்டின் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் அன்று 10 சென்ட் விலையுள்ளது. இன்று அது பல லட்சம் டாலர் பெறுவதற்குக் காரணம், அதை வாங்கியவர்கள் படித்துக் கசக்கி, நண்பர்களுக்குக் கொடுத்து, யுத்த காலத்தில் பழைய காகிதக் கட்டோடு போட்டுவிட்டதால், எஞ்சியவை மிகச் சிலவாகிப் போனதே. இதைக் கண்டு ஆசைப்பட்டவர்கள் 1990-களில் புதிய இதழ்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1991-இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஒரே கதைக்கு ஐந்து விதமான அட்டைகளோடு வெளியாகி, ஏறக்குறைய எண்பது லட்சம் பிரதிகள் விற்றது. ஐந்து அட்டையையும் வாங்கியவர்கள் ஏராளம். எல்லோரும் பாதுகாத்த பொருளுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? இன்றும் அது அற்ப விலைக்குக் கிடைக்கிறது. அந்த வெறி அடங்கியபோது கடைகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் மனு கொடுக்க நேர்ந்தது.

நம்முடைய பழைய இதழ்கள் அருமையாகிப் போனதும் அதே காரணத்தால்தான். அவற்றை நாம் படித்துத் தீர்த்துவிட்டோம். இன்றைய சிறப்பிதழ்களை ஒவ்வொருவரும் பீரோவில் கற்பூர உருண்டை போட்டு வைத்திருக்கிறோம். அவற்றைப் பிற்காலத்தில் யார் யாருக்கு விற்பது?

ஒரு கதையை எத்தனை முறை படிக்கலாம்?

செலவில்லாமல் சந்தோஷத்தை இரட்டிப்பாக்கும் மார்க்கம் ஒன்று கையிலேயே இருக்கிறது. சித்திரக்கதையை நாம் மிக வேகமாகப் படித்துவிடுகிறோம். இருநூறு ரூபாய்ப் புத்தகத்தை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, அடுத்தது எங்கே என்று கை நீட்டுகிறோம். கதை என்ன ஆயிற்று என்று அறியும் ஆவலில் கண் வசனத்தின் மீதே ஓடுகிறது. சித்திரக்காரன் மாதக்கணக்கில் குனிந்து வரைந்த படங்கள் ரயில் ஜன்னலில் காணும் மரங்களைப் போலப் பின்னே போய்விடுகின்றன.

இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றிய அந்தக் கதையின் நாயகன் லூயிஸ் கிராண்டேலுக்கு, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். எஃகுக் கை மட்டும் மறையாது. உடலே இல்லாத இடத்தில் ஒரு மனிதன் நிற்கிறான், ஓடுகிறான், தயங்குகிறான் என்பதை அந்தரத்தில் தொங்கும் ஒரே ஒரு கையைக் கொண்டு உணர்த்த வேண்டிய நிர்ப்பந்தம் ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவுக்கு நேர்ந்தது. பதினோரு வயதில் அந்தக் கதையைப் படித்தபோது அடுத்து என்ன நடக்கும் என்று மட்டுமே கவனித்தேன். ஐம்பத்தைந்து வயதில் மீண்டும் எடுத்து, விரல்கள் எந்தக் கட்டத்தில் விரிந்திருக்கின்றன, எதில் மடங்கியிருக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். அது முற்றிலும் புதிய புத்தகமாக இருந்தது. அதற்காக நான் ஒரு காசும் கொடுக்கவில்லை.

நம் வாசகர்கள் கேப்டன் டைகர் என்று அறிந்திருக்கும் 'புளூபெர்ரி' கதைகளில் ழான் ழிரோ வரைந்த பாலைவனங்களும் இவ்விதமே. முதல் வாசிப்பு கதைக்கு, இரண்டாவது படத்துக்கு, மூன்றாவது வீட்டில் உள்ள ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பதற்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு புத்தகம் மூன்று புத்தகத்தின் வேலையைச் செய்யும்.

பகிர்ந்து படித்த காலம்

எங்கள் ஊரில் சைக்கிள் கடையை ஒட்டி ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. அட்டை போய், தடித்த பழுப்புக் காகிதம் ஒட்டி, முதுகில் சாக்கு ஊசியால் தைக்கப்பட்ட படக்கதைகளைப் பத்துப் பைசாவுக்கு ஒரு நாள் கொடுப்பார்கள். ஐந்து பையன்கள் தலைக்கு இரண்டு பைசா போட்டு ஒன்றை எடுத்து, கோயில் மண்டபத்தில் வட்டமாக உட்கார்ந்து படிப்போம். பக்கம் திருப்பும் அதிகாரம் அன்றைக்கு யார் கையில் என்பதில் சண்டை வரும். மறுநாள் முழுவதும் அந்தக் கதையைப் பற்றியே பேச்சு.

இன்று என் அலமாரியில் அந்தக் கடையில் இருந்ததைவிட அதிகப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச அந்த நான்கு பேர் இல்லை. சித்திரக்கதையின் ஆனந்தத்தில் பாதி, இன்னொருவரோடு அதைப் பற்றிப் பேசுவதில் இருந்தது என்பதை வசதி வந்த பின் மறந்துவிட்டோம். அந்தக் குறையை நிரப்பத்தான் மேலும் மேலும் வாங்குகிறோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பகிர்வது என்றால், கைப்பேசிகளில் சுற்றிவரும் திருட்டு நகல்களைப் பரப்புவது என்று பொருளில்லை. சில ஆயிரம் வாசகர்களை நம்பி நடக்கும் தமிழ்ப் படக்கதைத் தொழிலுக்கு அதைவிடக் கொடிய தீங்கு வேறில்லை. விலைக்கு வாங்கிய ஒரு பிரதியை நான்கு பேர் படிப்பது நட்பு. வாங்காத பிரதியை நானூறு பேருக்கு அனுப்புவது அந்த மரத்தின் வேரில் வெந்நீர் ஊற்றுவதாகும்.

செய்யக்கூடியவை

இனி வாங்குவதற்கு முன், வீட்டில் படிக்காமல் கிடப்பவற்றை எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது முதல் வேலை. அந்தப் பட்டியலில் இரண்டைப் படித்து அடித்தால் புதிதாக ஒன்று வாங்கலாம் என்ற விதியை நான் கடைப்பிடித்து வருகிறேன். முதல் ஆறு மாதம் கடினமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வகுத்துக்கொள்வோர், தபால் செலவையும் அதற்குள்ளேயே சேர்க்க வேண்டும். அதைத் தனியே விட்டால் கணக்கு எப்போதும் பொய்யாகிவிடும். மாதாமாதம் தருவிப்பதைவிட மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே பெட்டியாகத் தருவிக்க வசதி இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

சந்தாவை நிறுத்துவதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி வரும் சந்தாவே எத்தனை பிரதி அச்சிடுவது என்று பதிப்பாளருக்குச் சொல்கிறது. வெட்ட வேண்டியது வண்ண மறுபதிப்பையும், பழைய பிரதிச் சந்தையையும், ஆசையில் வாங்கும் கனத்த சிறப்பிதழையும்தான். ஒரே ஊரில் மூன்று நான்கு வாசகர்கள் இருந்தால், டெக்ஸ் வில்லரை ஒருவர், லக்கி லூக்கை ஒருவர், துப்பறியும் கதைகளை ஒருவர் என்று பங்கிட்டுக்கொண்டு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தித்து மாற்றிக்கொள்ளலாம். செலவு மூன்றில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ குறையும். பேசுவதற்கு ஆளும் கிடைக்கும்.

பிள்ளைகள் ஜப்பானிய மங்கா கேட்கும் வீடுகளுக்கு ஒரு யோசனை. தொடருக்கு முடிவு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். 1997-இல் தொடங்கிய 'ஒன் பீஸ்' நூறு தொகுதிகளைத் தாண்டியும் முடியவில்லை. 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 27 தொகுதிகளில் முடிந்துவிட்டது. மங்கா அல்லாத டின்டினிலும் முழுமையடைந்த கதைகள் 23 மட்டுமே. முடிவுள்ள கதையைப் பிறந்தநாளுக்கு ஒன்று, பரீட்சை முடிந்ததும் ஒன்று என்று சேர்த்துக்கொடுத்தால், காத்திருக்கும் சுகமும் குழந்தைக்குத் தெரியவரும். முடிவில்லாத தொடரை நண்பர்களோடு மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. புத்தகக் காகிதத்துக்கும் குறிப்பேட்டுக் காகிதத்துக்கு அளித்த விலக்கை அளிக்க வேண்டும். ஞான் போஸ்ட் சலுகையைச் சிறுவர்க்கும் குடும்பத்துக்குமான மாத வெளியீடுகளுக்கும் விரிக்க வேண்டும். பதிப்பாளர்கள் வண்ணப் பதிப்போடு சாதாரணக் காகிதத்தில் கறுப்பு வெள்ளை மலிவுப் பதிப்பு ஒன்றையும், சில கதைகளுக்காவது, முயன்று பார்க்கலாம்.

எல்லாவற்றினும் பெரிய வாய்ப்பு நூலகம். சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. நாம் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் செல்கிறது. அந்தப் பணத்தில் நமக்கும் உரிமையுண்டு. ஆயினும் நான் போய்வரும் கிளை நூலகங்களில் படக்கதைக்கென்று ஓர் அடுக்கைக் கண்டதில்லை. உங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்குச் சென்று, சிறுவர் பகுதியில் ஓர் அடுக்கு ஒதுக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். கேட்கப் போகும்போது, வீட்டில் இரண்டு பிரதியாக இருப்பவற்றைத் துணிப் பையில் எடுத்துச் செல்லுங்கள். நான் முப்பத்திரண்டு புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகர் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி எண் எழுதி வைத்தார். மறு வாரம் போனபோது அந்த அடுக்கில் ஒன்பதுதான் மீதி இருந்தன.